நாலு வேளைக் கறவையும் ஒரு மலை ரயிலும்

'ஊட்டி பார்த்திருக்கீங்களா?' என்று கேட்டால், கோபிசெட்டிபாளையம் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் அந்த விவசாயி, 'ரெண்டு தடவை' என்று சட்டெனச் சொல்வார். இரண்டு முறையும் வேளாண் துறையின் 'அட்மா' திட்டத்தில் கண்டுணர் சுற்றுலா. பஸ், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு ஏற்பாடு. உருளைக்கிழங்கு வயலைப் பார்த்தார், பூங்காவைப் பார்த்தார், வரும்போது வர்க்கியும் தைலமும் வாங்கி வந்தார்.

அதே கேள்வியை அவர் மனைவியிடம் கேட்டால், 'இவிய சொல்லிக் கேட்டிருக்கறேனுங்க' என்பார்.

இவர்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். மஞ்சள், வாழை, கொஞ்சம் நெல். கட்டுத்தறியில் இரண்டு ஜெர்சி கலப்பினக் கறவைகள். காலையில் 14 லிட்டர், மாலையில் 10 லிட்டர் என்று பால் சங்கத்துக்குப் போகிறது. பட்டா அவர் பெயரில் இருப்பதால் சுற்றுலாப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பால் அட்டையிலும் அவர் பெயர்தான். ஆனால், 30 வருடமாகக் கறப்பது அந்த அம்மாதான். கல்யாணம், காதுகுத்து, எழவு என்று எங்கே போனாலும் மாலை 4 மணிக்குள் கட்டுத்தறிக்கு வந்துவிட வேண்டும். மகளைக் காரமடையில் கட்டிக் கொடுத்து 9 வருடம் ஆகிறது. மகளின் பிரசவம் தவிர, ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியது கிடையாது.

'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்பது அந்த வீட்டில் ஒரு வழக்கச் சொல். ஒரு வருடம் போர்வெல் காய்ந்தது. ஒரு வருடம் மஞ்சள் விலை படுத்தது. ஒரு வருடம் காற்றில் வாழை சாய்ந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு வீடியோவும் ஒரு கேள்வியும்

பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஜெர்மனியில் வேலை செய்கிறான். போன வருடம் விடுமுறைக்கு சுவிட்சர்லாந்து போய், ஆல்ப்ஸ் மலை ரயிலில் எடுத்த வீடியோவை ஊருக்கு அனுப்பியிருந்தான். கண்ணாடி ஜன்னல், பனி மூடிய மலை, சரிவெல்லாம் பச்சைப் புல். புல்லில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் பெரிய மணி.

அந்த அம்மா அதை மூன்று தடவை பார்த்தார். அதன் பிறகு கணவரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

'ஏனுங்க, அந்த மாட்டுக்காரி அந்த ரயில்ல ஒரு தடவையாவது ஏறியிருப்பாளா?'

அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 'அங்கெல்லாம் போகோணும்னா லட்சக்கணக்குல ஆகும் புள்ள' என்று எதையோ சொல்லிவிட்டு எழுந்து போனார். ஆனால், கேள்வி போகவில்லை. வாழைக்குக் கட்டை ஊன்றும்போதும், வாய்க்கால் மடை திருப்பும்போதும் கூடவே வந்தது.

மகளின் வீட்டுக்குப் போனில் பேசியபோது, பள்ளிக்கூடம் போகும் பேரன்தான் ஒரு விஷயத்தைச் சொன்னான். 'தாத்தா, நம்ம மேட்டுப்பாளையம் ரயிலும் அந்த ஊர் ரயிலும் ஒரே மாதிரிதான். எஞ்சினே அங்கிருந்துதான் வந்துச்சு. எங்க வாத்தியார் சொன்னார்.'

பேரன் சொன்னது சரி. நீலகிரி மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் பலவற்றைச் செய்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலை. மலையேறும் பல்சக்கர முறையைக் கண்டுபிடித்த ரோமன் ஆப்ட் என்பவரும் அந்த நாட்டுப் பொறியாளர்தான். ஆல்ப்ஸில் ஓடும் புகழ்பெற்ற 'கிளேசியர் எக்ஸ்பிரஸ்' ரயிலும் செங்குத்தான இடங்களில் இதே ஆப்ட் முறையில்தான் ஏறி இறங்குகிறது. நீலகிரி ரயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக 2005-ல் அறிவித்தது. சுவிட்சர்லாந்தின் ஆல்புலா, பெர்னினா மலைப் பாதைகளுக்கு அந்தப் பெருமை கிடைத்தது 2008-ல்!

மாசி மாதத்தில் மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டு முடித்ததும், 'காரமடைக்குப் போயி, அங்கிருந்து ரயில் ஏறலாம் புள்ள. மாப்பிள்ளைகிட்டச் சொல்லி டிக்கெட் போடச் சொல்லிட்டேன்' என்றார் அவர்.

'மாட்டை யார் கறக்கறது?' - அதுதான் அந்த அம்மா கேட்ட முதல் வார்த்தை.

12 நாள் ஒத்திகை

கணக்குப் போட்டார்கள். கிளம்பும் நாள் மாலை, ரயில் ஏறும் நாள் காலை, மாலை, திரும்பும் நாள் காலை. மொத்தம் நாலு வேளைக் கறவை. ஓரகத்தி பக்கத்து வீடுதான். 'எனக்கு நாலு காம்பு மாடே ஆகாது அக்கா, ஆடுதான் பழக்கம். இது உதைக்கும்' என்று முதலில் பின்வாங்கினார். பிறகு, 'சரி, சொல்லிக் குடு' என்று வந்து நின்றார்.

மாட்டைப் புது ஆளுக்குப் பழக்குவதில் அந்த அம்மாவுக்கு ஒரு முறை இருக்கிறது. முதல் மூன்று நாள் ஓரகத்தி கறக்கவே இல்லை. கறவை நேரத்தில் பக்கத்தில் நின்று, தவிடும் புண்ணாக்கும் வைத்தார், முதுகைத் தடவினார். நாலாவது நாளிலிருந்து மடியைக் கழுவித் துடைத்தார். ஆறாவது நாள் பாதிப் பாலை இவர் கறக்க, மீதியை அவர் கறந்தார். ஒன்பதாவது நாளிலிருந்து முழுக் கறவையும் அவர். இந்த அம்மா எட்ட நின்றுகொண்டார். நேரம் மாறவில்லை, பாத்திரம் மாறவில்லை, எந்த மாட்டை முதலில் கறப்பது என்ற வரிசையும் மாறவில்லை. கறவைக்குக் கட்டும் தன் பழைய சேலையையே ஓரகத்திக்கும் கொடுத்தார்.

கருப்பி இரண்டே நாளில் ஒத்துக்கொண்டது. செவலைதான் பாலை அடக்கிக்கொண்டு அடம்பிடித்தது. ஒரு வாரம் கழித்துத்தான் அது இறங்கி வந்தது.

இடையில் ஒரு நாள், 'நானும் கறந்து பார்க்கறேன்' என்று கணவர் உட்கார்ந்தார். கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுத்தார். செவலை ஒரே உதை. பாத்திரம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஓரகத்தி சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. 'கட்டைவிரலை மடக்கப்படாதுங்க. நாலு விரலும் உள்ளங்கையும்தான் அமுக்கோணும். மடக்கிக் கறந்தா காம்பு புண்ணாயிரும்' என்றார் மனைவி. 30 வருடமாகப் பால் அட்டையைக் கையில் வைத்திருந்தவர், அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்கு ரயில் கிளம்பியது. 'எஞ்சினை முன்னாடி காணோமே' என்று அந்த அம்மா தேடினார். இந்த ரயிலில் எஞ்சின் பின்னால்தான் இருக்கும். பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் நிற்பார்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பவானி ஆற்றுப் பாலம். கணவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். 'இந்தத் தண்ணிதான் பவானிசாகர்ல தேங்கி, கொடிவேரிக்கு வந்து, நம்ம வாய்க்கால்ல ஓடுது.' அந்த அம்மா எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். ஆடி 18-க்கு வாய்க்கால் கரையில் வைத்துக் கும்பிடும் அதே தண்ணீர்.

பிறகு பாக்குத் தோப்புகள். கல்லாறு வந்ததும் ரயில் மெதுவாகியது. அங்கிருந்து குன்னூர் வரைதான் பல்சக்கரப் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே, பல் வெட்டிய இரட்டை இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பற்களைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறது. இரண்டு பட்டையிலும் பற்கள் நேருக்கு நேராக இல்லாமல் மாற்றி மாற்றி இருப்பதால், ஒரு பல் விடும்போது இன்னொரு பல் பிடித்திருக்கும். 'சைக்கிள் சங்கிலியைத் தரையில விரிச்சுப் போட்டு, அது மேல பல்சக்கரத்தை உருட்டற மாதிரி' என்று கணவர் விளக்கம் சொன்னார். 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏறும் சரிவு. சாதாரண ரயில் சக்கரம் அங்கே வழுக்கிவிடும்.

அந்த எஞ்சினில் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. ஒரு முறை சக்கரத்தைச் சுழற்றிய நீராவியை வீணாக வெளியே விடாமல், அதையே பல்சக்கரத்தைச் சுழற்றவும் பயன்படுத்துகிறது. சாணத்தை சாண எரிவாயுக் கலனில் விட்டுவிட்டு, அதன் கழிவை வயலுக்கும் விடுகிற விவசாயிக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

இந்தப் பாதைக்கு 1854-லேயே யோசனை சொல்லப்பட்டது. ஆனால், வேலை தொடங்கியது 1891-ல். குன்னூர் வரை ரயில் வந்தது 1899-ல். ஊட்டியைத் தொட்டது 1908-ல். 46 கிலோமீட்டர் தூரத்தில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். குகைக்குள் ரயில் நுழையும்போதெல்லாம் சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். மூன்றாவது குகையில் அந்த அம்மாவும் சேர்ந்து கத்தினார். இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது?

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடித்தது. எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள். குரங்குகள் பொட்டலத்தைக் குறிவைத்தன. கணவர் மணி பார்த்தார். உடனே போனை எடுத்தார்.

'செவலை பாலு விட்டுதான்னு கேக்கறேன்.'

'வையுங்க அதை. கறந்திருப்பா' என்றார் மனைவி. 30 வருடத்தில் அவர் மாட்டை மறந்திருந்த முதல் காலை அதுவாகத்தான் இருக்கும்.

கேத்திக்குப் போன பெண்

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டினார்கள். அங்கிருந்து பல்சக்கரம் தேவையில்லை. அந்த இடைவேளையில், ஒரு பெண் பையோடு ஏறி எதிரே வந்து உட்கார்ந்தார். குன்னூர் பக்கத்து ஊர். ஒன்றரை ஏக்கர் தேயிலை. தாய் வீடு கேத்தியில்.

'எங்கிருந்து வர்றீங்க அக்கா?' என்று அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். மஞ்சள், வாழை, மாடு என்று சொன்னதும், இரண்டு பெண்களும் ஒரே ஊர்க்காரர்கள் மாதிரி பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவு முழுக்கத் தேயிலை. மேலே கத்தரித்துவிட்ட மாதிரி ஒரே மட்டம். 'பார்க்க எவ்வளவு அழகா இருக்குது!' என்றார் அந்த அம்மா.

'எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க அக்கா' என்று சிரித்தார் அந்தப் பெண். 'அந்த மட்டம் தானா வர்றதில்லை. 10, 15 நாளைக்கு ஒருக்கா ரெண்டு இலை, ஒரு மொட்டுன்னு எடுத்துக்கிட்டே இருக்கணும். விட்டா மரமாயிடும். நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா கவாத்து பண்ணணும். கவாத்து பண்ணின செடி தளிர்க்கற வரைக்கும் வருமானம் கிடையாது.'

'விலை எப்படி?'

'கொழுந்தை இன்னைக்குக் குடுத்துடறோம். இந்த மாசத்துக்கு என்ன விலைன்னு மாசக் கடைசியிலதான் தெரியும். கட்டுப்படியாகற விலை வேணும்னு 2023-ல கோத்தகிரி பக்கம் உண்ணாவிரதமெல்லாம் இருந்தோம்.'

'நாங்க மஞ்சளைன்னா விலை வர்ற வரைக்கும் மூட்டை கட்டி வெச்சிருப்போம்' என்றார் கணவர்.

'கொழுந்தை ஒரு ராத்திரி வெக்க முடியாதுங்க ஐயா. கருத்துப் போயிடும்.'

'பாலும் அப்படித்தான்' என்றார் அந்த அம்மா. 'காத்திருக்காது.'

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மா, ஆல்ப்ஸ் வீடியோவைப் பற்றிச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துப் பையன் போனில் சொன்ன ஒரு தகவலையும் சேர்த்துச் சொன்னார். அந்த நாட்டில் மலைச்சரிவில் மாடு மேய்த்து, புல்வெளியைக் காடு மூடாமல் பார்த்துக்கொள்ளும் விவசாயிகளுக்கு அரசாங்கம் நேரடியாகப் பணம் கொடுக்கிறதாம். பாலுக்கான விலை தனி. நிலத்தை அப்படியே பராமரிப்பதற்கான பணம் தனி.

தேயிலைக்காரப் பெண் கண்ணை அகல விரித்தார். 'நாங்க பச்சையா வெச்சிருக்கறதுக்கே காசா? இங்க அதைப் போட்டோ எடுக்கறவங்க டீத்தூளையாவது எங்ககிட்ட வாங்கினா போதும்.'

கேத்திப் பள்ளத்தாக்கு வந்தது. கேரட்டும், முட்டைக்கோஸும், பூண்டும் படிக்கட்டு படிக்கட்டாக இறங்கிப்போயின. கேத்தி நிலையத்தைப் பார்த்ததும், 'இங்கதானே மூன்றாம் பிறை கடைசி சீன் எடுத்தாங்க?' என்று அந்த அம்மா பரபரப்பானார். 'அதே இடம்தான் அக்கா' என்று எழுந்த அந்தப் பெண், கீழே தெரிந்த ஓடையைக் காட்டினார். 'இந்தப் பள்ளத்தாக்குல பேயற மழை காட்டேரி வழியா இறங்கிப் பவானிக்குத்தான் போகுதுன்னு எங்கப்பா சொல்வார். உங்க ஊருக்கு வருதா?'

'எங்க வயலுக்கே வருதுங்க.'

'நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. குன்னூர்ல இருந்து ஊட்டி வரைக்கும்தான் இந்த ரயில்ல போவேன். குன்னூருக்குக் கீழ ஒரு தடவைகூட இதுல இறங்கினதில்லை. தோட்டம், கொழுந்து, பிள்ளைகள்னு அப்படியே போயிடுச்சு.'

'அப்படீன்னா மேட்டுப்பாளையம் வரைக்கும் இந்த ரயில்லயே வாங்க. அங்கிருந்து எங்கூட்டுக்கு பஸ் இருக்குது' என்றார் அந்த அம்மா. அந்தப் பெண் இறங்குவதற்குள் இருவரும் போன் நம்பரை மாற்றிக்கொண்டார்கள்.

மூன்று லிட்டர் நஷ்டம்

பகல் 12 மணிக்கு ஊட்டி. தாவரவியல் பூங்காவில் ஒரு சுற்று. ஏற்கெனவே இரண்டு முறை வந்தவர் என்ற தோரணையில் கணவர் வழிகாட்டினார். அந்த அம்மா புல்வெளியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்தார். மாலை பஸ்ஸில் இறங்கி இரவு காரமடை. மறுநாள் காலை புளியம்பட்டி வழியாக ஊர்.

வீட்டுக்குள்கூட நுழையாமல் அந்த அம்மா நேராகக் கட்டுத்தறிக்குத்தான் போனார். செவலை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி சோளத்தட்டைத் தின்றது. நாலு வேளையில் மொத்தம் 3 லிட்டர் பால் குறைவு. 'செவலைதான் அக்கா. முதல் வேளை அடக்கிக்கிச்சு' என்று ஓரகத்தி குற்ற உணர்வோடு சொன்னார்.

'மூணு லிட்டர்தானே' என்றார் கணவர். 'இத்தனை வருஷம் அந்த மூணு லிட்டருக்கா ஊட்டோட கட்டி வெச்சிருந்தோம்?'

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. ஓரகத்திக்கு வாங்கி வந்த கம்பளிச் சால்வையை எடுத்துக் கொடுத்தார். 'அடுத்தது உன்ற முறை. உன்ற ஆடுகளை நான் பார்த்துக்கறேன்' என்றார்.

இப்போது அந்த வீட்டில் காலைக் கறவையில் கருப்பியைக் கணவர் கறக்கிறார். மனைவியைவிட அரை மணி நேரம் அதிகமாகிறது, ஆனாலும், கறக்கிறார். வேளாண் துறையிலிருந்து அடுத்த சுற்றுலாவுக்குப் பெயர் கேட்டபோது, மனைவியின் பெயரைக் கொடுத்திருக்கிறார். செவலை மட்டும் இன்னும் அவரைக் கிட்டே சேர்ப்பதில்லை.

மலை ரயிலில் போக நினைக்கும் குடும்பங்களுக்கு...

* மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் ரயில், பகல் 12 மணியளவில் ஊட்டி சேரும். இடங்கள் குறைவு. முன்பதிவு தொடங்கியதும் போட்டுவிடுவது நல்லது.

* வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் ரயில் அடிக்கடி ரத்தாகும். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்க்கலாம். கிளம்புவதற்கு முதல் நாள் ரயில் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

* டிக்கெட் கிடைக்காதவர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் குன்னூர் போய், அங்கிருந்து ஊட்டி வரை ரயிலில் போகலாம். ஆனால், பல்சக்கரப் பாதை கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கிறது.

* நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போங்கள். மார்கழி, தையில் உறைபனி இருக்கும், கம்பளி அவசியம்.

* கறவை மாடு வைத்திருப்பவர்கள் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே மாற்று ஆளைப் பழக்குங்கள். நேரம், தீவனம், கறக்கும் வரிசை எதையும் மாற்ற வேண்டாம். சினை மாடு கன்று போடும் நேரமாக இருந்தால், பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

* திரும்பும்போது தேயிலை, பூண்டு, கேரட் வாங்குவதாக இருந்தால், சிறு விவசாயிகளிடமோ, கூட்டுறவுக் கடைகளிலோ கேட்டு வாங்குங்கள். நீங்கள் ஜன்னல் வழியாக ரசித்த பச்சைக்கு அதுவே நல்ல நன்றி.